310 தோல்விகளும் ஒரு புள்ளியும்



மறுசந்திப்பு மலர் என்றால் வெற்றிக் கதைகள்தான் அதிகம் இருக்கும். யார் எங்கே ஜி.எம். ஆனார், யார் சொந்தக் கம்பெனி வைத்தார், எந்த வருஷம் எந்தக் கோப்பையைத் தூக்கினோம் என்று பக்கங்கள் நிறையும். அவையெல்லாம் வேண்டியதுதான். நான் எழுதப்போவது ஒரு தோல்விக் கதை. உலகத்தின் தலைசிறந்த இன்ஜினியர்களை உருவாக்கும் ஒரு சின்ன அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அணிகள் எப்படித் தோற்றன, தோற்றும் ஏன் கலைக்கப்படவில்லை என்ற சரித்திரம்.

கல்லூரி விளையாட்டு என்று பேச்சு வந்தாலே நம்மிடையே இரண்டு கட்சி உண்டு. "ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் நல்ல பையன்களாப் பார்த்து எடுத்துக் கப் அடிக்கணும் சார்" என்பது ஒன்று. "இன்ஜினியரிங் காலேஜுக்கு எதுக்குய்யா டீம்? அரியர் வைக்காமப் படிக்கச் சொல்லுங்க" என்பது இன்னொன்று. கேட்கும்போது இரண்டும் நியாயமாகத்தான் படும். ஆனால் மூன்றாவதாகவும் ஒரு வழி உண்டு என்று நூறு வருஷத்துக்கு மேல் நடத்திக் காட்டிய இடம் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகம். சுருக்கமாக, கால்டெக்.

இடம், பொருள், ஏவல்

கலிஃபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தை ஒட்டி இருக்கிறது பாஸடீனா. அங்கே 1891ல் ஏமஸ் த்ரூப் என்பவர் ஒரு பள்ளியைத் தொடங்கினார். த்ரூப் பல்கலைக்கழகம் என்று பெயர். கைத்தொழில் கற்றுக்கொடுக்கும் சாதாரண இடமாகத்தான் அது ஆரம்பத்தில் இருந்தது. பிறகு வானியலாளர் ஜார்ஜ் எல்லரி ஹேல், வேதியியலாளர் ஆர்தர் நாய்ஸ், இயற்பியலாளர் ராபர்ட் மில்லிகன் ஆகிய மூவரும் சேர்ந்து அதை அறிவியல் கோட்டையாக மாற்றினார்கள். 1920ல் இன்றைய பெயர் வந்தது.

அதற்குப் பிறகு நடந்தது நமக்குத் தெரிந்ததுதான். நிலநடுக்கச் செய்தியில் காதில் விழும் ரிக்டர் அளவுகோல் 1935ல் அங்கே பிறந்தது. நாம் ஹாஸ்டலில் ஜெராக்ஸ் போட்டுப் படித்த ஃபைன்மன் விரிவுரைகள் 1961 முதல் 1963 வரை அங்கேதான் நடந்தன. ஸ்ரீஹரிகோட்டா விண்வெளி மையத்துக்கு யார் பெயர் வைத்திருக்கிறார்களோ, அந்த சதீஷ் தவான் 1951ல் அங்கே டாக்டர் பட்டம் வாங்கியவர்.

இவ்வளவு பெரிய பெயர் இருந்தும் இளநிலை மாணவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர்தான். நம்ம ஊர் பொறியியல் கல்லூரி ஒன்று ஒரே வருஷத்தில் சேர்க்கும் கூட்டம் அங்கே நான்கு வருஷத்துக்கும் சேர்த்து. இந்த எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுக்க இதுதான் காரணமாக வந்து நிற்கும்.

விளையாட்டு அங்கே தொடக்கத்திலிருந்தே உண்டு. 1893லேயே அமெரிக்கக் கால்பந்து, அதாவது ரக்பி மாதிரி முட்டி மோதி ஆடும் ஆட்டம், தொடங்கிவிட்டது. 1915ல் தெற்குக் கலிஃபோர்னியாவின் சிறு கல்லூரிகள் சேர்ந்து எஸ்.சி.ஐ.ஏ.சி. என்ற போட்டிக் கழகத்தை அமைத்தபோது ஆக்ஸிடென்டல், பொமோனா, ரெட்லண்ட்ஸ், விட்டியர் கல்லூரிகளோடு த்ரூப்பும் ஸ்தாபக உறுப்பினர். அணிக்குப் பெயர் 'பீவர்ஸ்'. பீவர் என்பது ஆற்றின் குறுக்கே மரக்கிளைகளைப் போட்டு அணை கட்டும் ஒரு பிராணி. மிருகங்களில் அதுதான் இன்ஜினியர் என்பதால் இந்தப் பெயர். சிவில் நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்!

ஜெயித்த காலமும் உண்டு

கால்டெக் எப்போதுமே தோற்ற அணி என்று நினைத்தால் தப்பு. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் கோலூன்றித் தாண்டுதலில் கால்டெக் மாணவர் க்ளென் கிரஹாம் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். தங்கம் வாங்கிய லீ பார்ன்ஸும் அவரும் தாண்டியது ஒரே உயரம், 3.95 மீட்டர். யாருக்குத் தங்கம் என்று தீர்மானிக்க மறுபடி தாண்ட வேண்டியிருந்தது.

1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் ஓட்டத்தில் ஸ்வீடன் நாட்டுக்காக ஓடியவர் ஃபோல்கே ஸ்கூக். அதே வருஷம் கால்டெக்கில் இளநிலைப் பட்டம் பெற்றவர். பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் பிற்பாடு தாவர ஹார்மோன் ஆராய்ச்சியில் பெரும்புள்ளி ஆனார். 1962ல் முராஷிகே என்ற மாணவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஊட்டக் கரைசல்தான் இன்றைக்கும் திசு வளர்ப்புக் கூடங்களில் 'எம்.எஸ். மீடியம்'. நம்ம ஊர் விவசாயி நடும் திசு வளர்ப்பு வாழைக்கன்று கண்ணாடிக் குடுவைக்குள் முளைவிட்டதும் பெரும்பாலும் அந்தக் கரைசலில்தான். எங்கே ஓடியவர், எங்கே வந்து சேர்ந்திருக்கிறார் பாருங்கள்.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஈட்டி எறிந்த ஃபில் கான்லியும் கால்டெக்காரர்.

1944ல் இன்னொரு விசேஷம். அந்த வருஷம் கால்டெக் கால்பந்து அணி ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. காரணம், உலகப் போர். அமெரிக்கக் கடற்படை 'வி-12' என்ற திட்டத்தில் வருங்கால அதிகாரிகளைக் கல்லூரிகளுக்கு அனுப்பிப் படிக்க வைத்தது. கால்டெக்குக்கும் ஒரு கூட்டம் வந்தது. அதில் நல்ல ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். மைதானம் அதுதான், சட்டை அதுதான், உள்ளே வந்த ஆள் மட்டும் வேறு. நம் பாஷையில் சொன்னால் இன்புட் மாறியது, அவுட்புட் மாறியது. போர் முடிந்தது, அவர்கள் போனார்கள், வெற்றியும் போனது.

கூடைப்பந்தில் 1954ல் கழகச் சாம்பியன் பட்டம் கிடைத்தது. இன்டெல் நிறுவிய கார்டன் மூர் கால்டெக்கில் டாக்டர் பட்டம் வாங்கியதும் அதே வருஷம்தான். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் சில்லு அவர் சொன்ன விதிப்படி வளர்ந்துகொண்டே போனது. கூடைப்பந்து அணி நேர் எதிர்த் திசையில் போனது.

ஏன் தோற்றார்கள்?

இதற்கு 'படிப்பாளிக்கு ஆட வராது' என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். அது சோம்பேறித்தனமான பதில். படிப்பாளிதானே பாரிஸில் 3.95 மீட்டர் தாண்டினான்?

உண்மைக் காரணம் கணக்கில் இருக்கிறது. ஒன்று, மொத்தமே ஆயிரம் பேர். 1970ல் பெண்களையும் இளநிலைப் படிப்பில் சேர்க்கத் தொடங்கியது நல்ல விஷயம். ஆனால் ஆண்கள் அணிக்கு ஆள் கிடைக்கும் வட்டம் அதனால் இன்னும் சுருங்கியது. இரண்டு, எதிரணிகள் கூட்டணி போட்டன. பொமோனாவும் பிட்ஸரும் இரண்டு கல்லூரிகள், அணி ஒன்று. கிளேர்மாண்ட், ஹார்வி மட், ஸ்க்ரிப்ஸ் மூன்று கல்லூரிகள், அணி ஒன்று. கால்டெக் தனியாள்.

மூன்றாவதுதான் முக்கியம். இந்தக் கல்லூரிகள் எல்லாம் என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்பின் மூன்றாம் பிரிவில் ஆடுகின்றன. 1973ல் ஏற்பட்ட இந்தப் பிரிவில் விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் கொடுக்கக் கூடாது. ஆனாலும் பல கல்லூரிகளில் பயிற்சியாளர் 'இந்தப் பையன் வேணும்' என்று சொன்னால் அட்மிஷன் அலுவலகத்தில் அதற்கு ஒரு மரியாதை உண்டு. கால்டெக்கில் அது கிடையாது. கணக்கும் இயற்பியலும் தெரிந்தால் உள்ளே வா, வந்த பிறகு பந்தைத் தொடு. அவ்வளவுதான்.

ஆகவே பயிற்சியாளருக்குக் கிடைத்தது எது? 2000க்குப் பிறகு ராய் டோ என்பவர் கூடைப்பந்துப் பயிற்சியாளராக இருந்தார். அவருடைய அணியில் பள்ளியில் கூடைப்பந்து ஆடியவர்களைவிட, பள்ளியில் முதல் மாணவனாக வந்தவர்கள் அதிகம்! நம்ம ஊர்க் கணக்கில், ஸ்டேட் ரேங்க் வாங்கியவர்களை வரிசையில் நிறுத்தி 'யாருக்கெல்லாம் ட்ரிபிள் பண்ணத் தெரியும்?' என்று கேட்ட மாதிரி.

310

இனி எண்களைப் பார்ப்போம். 1985 ஜனவரியில் லா வெர்ன் அணியைக் கால்டெக் கூடைப்பந்து அணி வென்றது. அதற்கடுத்த கழக வெற்றிக்கு 26 வருஷம் ஆனது. நடுவில் தொடர்ச்சியாக 310 கழக ஆட்டங்கள் தோல்வி. வருஷத்துக்குச் சராசரி 12 ஆட்டம்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். ஒவ்வொரு ஆட்டத்திலும் கால்டெக் ஜெயிக்க வாய்ப்பு வெறும் ஒரு சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 310 ஆட்டமும் தொடர்ந்து தோற்பதற்கான வாய்ப்பு 0.99ஐ 310 தடவை பெருக்கினால் வருவது, அதாவது 4.4 சதவீதம். நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்திருந்தாலே நடுவில் எங்கோ ஒரு ஆட்டத்தை ஜெயித்திருப்பார்கள் என்றுதான் கணக்கு சொல்கிறது. அப்படியென்றால் அந்தப் பையன்கள் இறங்கியது நூற்றில் ஒன்றுகூட இல்லாத வாய்ப்போடு. கால்டெக் மாணவனுக்கு இந்தக் கணக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் சாயங்காலம் ஷூவை மாட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போனான். எனக்கு ஆச்சரியம் அங்கேதான்.

இதற்கு முன்னாலும் ஒரு நீண்ட தோல்வி வரிசை உண்டு. அது 99 கழக ஆட்டங்கள். அதை முடித்து வைக்க உதவியவர் யார் தெரியுமா? க்ரெக் பாப்பவிச். பிற்பாடு சான் ஆன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்கு 1999 முதல் 2014 வரை ஐந்து என்.பி.ஏ. பட்டம் வாங்கிக் கொடுத்த அதே பாப்பவிச்தான். அவர் 1979ல் பொமோனா-பிட்ஸர் அணியின் பயிற்சியாளராகச் சேர்ந்த முதல் சீசனில் அணிக்கு 2 வெற்றி, 22 தோல்வி. அந்தத் தோல்விகளில் ஒன்று கால்டெக்கிடம்! பெரிய ஆளுக்கும் முதல் வருஷம் அப்படித்தான் இருக்கும் போல.

கழகத்துக்கு வெளியே, மூன்றாம் பிரிவின் மற்ற அணிகளோடு ஆடிய ஆட்டங்களிலும் நிலைமை மோசம். 1996க்குப் பிறகு 207 ஆட்டம் வரிசையாகத் தோல்வி. 2007 ஜனவரி 6ஆம் தேதி நியூயார்க் மாநிலத்திலிருந்து வந்த பார்டு கல்லூரியை 81-52 என்று வென்றபோது அது முடிந்தது. இந்த அணியைப் பற்றி 'குவான்டம் ஹூப்ஸ்' என்று ஒரு ஆவணப்படமே அதே வருஷம் வந்தது.

அதற்குச் சரியாக ஒரு வாரம் கழித்து, ஜனவரி 13ஆம் தேதி, பெண்கள் அணியின் முறை. அவர்கள் கழகத்தில் சேர்ந்தது 2002ல்தான். 50 ஆட்டத் தோல்வி வரிசையை உடைத்து பொமோனா-பிட்ஸரை 55-53 என்று வென்றார்கள். கழகத்தில் அவர்களுக்கு அதுதான் முதல் வெற்றி. அன்றைக்குப் பெஞ்சில் கௌரவப் பயிற்சியாளராக உட்கார்ந்திருந்தவர் ராபர்ட் க்ரப்ஸ், 2005ல் வேதியியலுக்கு நோபல் பரிசு வாங்கியவர். நோபல் வாங்கிய புரொஃபசர் சாயங்காலம் மாணவிகளின் ஆட்டத்தில் வந்து உட்காருகிறார் என்றால், அந்த ஊரில் விளையாட்டுக்கு என்ன இடம் என்று புரிகிறது அல்லவா?

மூளையைக் காட்டிய மைதானம்

பாஸடீனாவில்தான் புகழ்பெற்ற ரோஸ் பௌல் ஸ்டேடியம் இருக்கிறது. லட்சத்தைத் தொடும் கூட்டம் கூடும் இடம். கால்டெக் கால்பந்து அணிக்குப் பல பத்தாண்டுகள் அதுதான் சொந்த மைதானம். ஆடுவதற்கு அவ்வளவு பெரிய இடம், பார்ப்பதற்குச் சொற்பப் பேர். காலி நாற்காலிகளின் எண்ணிக்கையில் எங்களை எவனும் ஜெயிக்க முடியாது என்று அவர்கள் பெருமையடித்துக்கொண்டிருக்கலாம். கடைசியில் 1993ஓடு கால்பந்து நின்றுபோனது.

ஆடி நிரப்ப முடியாத அந்த ஸ்டேடியத்தை வேறு விதத்தில் பிடித்தார்கள். 1961 ஜனவரி 2ஆம் தேதி. வாஷிங்டனுக்கும் மின்னசோட்டாவுக்கும் ரோஸ் பௌல் ஆட்டம், நாடு முழுக்க டி.வி.யில் நேரடி ஒளிபரப்பு. இடைவேளையில் வாஷிங்டன் ரசிகர்கள் வண்ண அட்டைகளைத் தூக்கிப் படம் காட்டுவார்கள். ஒவ்வொரு இருக்கையிலும் எந்த அட்டையை எப்போது தூக்குவது என்று குறிப்புத் தாள் இருக்கும். கால்டெக் மாணவர்கள் 14 பேர் சேர்ந்து அந்த இரண்டாயிரத்துச் சொச்சம் தாள்களையும் ரகசியமாக மாற்றிவிட்டார்கள். அதற்கு முன்னால் ஒருவன் பள்ளிப் பத்திரிகை நிருபர் மாதிரி நடித்துப் போய், அந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று பேட்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தான்!

விளைவு? வாஷிங்டனின் நாய்ச் சின்னம் வரவேண்டிய இடத்தில் பீவர் வந்தது. அடுத்து அவர்கள் அணியின் பெயர் தலைகீழாக வந்தது. அதற்கடுத்து ஸ்டேடியத்தில் பெரிய எழுத்தில் 'கால்டெக்'. கோடிக்கணக்கான பேர் பார்த்தார்கள்.

1984ல் இன்னொரு தடவை. யு.சி.எல்.ஏ. அணியும் இல்லினாய் அணியும் ஆடிக்கொண்டிருந்தபோது ஸ்கோர் போர்டின் மின் இணைப்பில் மைக்ரோபுராசஸர் கருவி ஒன்றை முன்கூட்டியே பொருத்தி, ரிமோட்டில் ஸ்கோரை மாற்றினார்கள். போர்டில் தெரிந்தது: கால்டெக் 38, எம்.ஐ.டி. 9. போலீஸ் கேஸ் ஆனது. கல்லூரியிலோ அந்த வேலைக்குப் பாடத்தில் மதிப்பெண் கொடுத்தார்கள்!

சிரிக்க வைக்கும் கதைதான். ஆனால் விளையாட்டை அவர்கள் ஒதுக்கவில்லை என்பதையும் இது காட்டுகிறது. ஒதுக்கியவன் இவ்வளவு மெனக்கெட மாட்டான்.

தோற்ற அணியிலிருந்து இன்னொன்றும் பிறந்தது. 1990ல் கால்டெக்கில் இன்ஜினியரிங் முடித்தவர் டீன் ஆலிவர். அந்த அணியில் ஆடியவர். கூடைப்பந்தைப் புள்ளிவிவர ரீதியாகப் பிரித்துப் பார்த்து 2004ல் 'பாஸ்கெட்பால் ஆன் பேப்பர்' என்ற புத்தகம் எழுதினார். ஆட்டக்காரர் எத்தனை பாயிண்ட் போட்டார் என்பதை மட்டும் பார்க்காதே, ஒவ்வொரு முறை பந்து கையில் வந்தபோதும் அணி என்ன சம்பாதித்தது என்று பார் என்பது அதன் அடிப்படை. பந்தைக் கூடையில் போடும் திறன், பந்தைப் பறிகொடுக்காமை, தவறிய பந்தைப் பிடிப்பது, ஃப்ரீ த்ரோ ஆகிய நான்கும் சேர்ந்து ஆட்டத்தைத் தீர்மானிக்கின்றன என்று காட்டினார். பிறகு என்.பி.ஏ. அணிகள் அவரை அழைத்து வேலை கொடுத்தன. எப்போதும் ஜெயிக்கிறவனுக்கு ஏன் ஜெயித்தோம் என்று கேட்கத் தோன்றாது. தோற்றவன்தான் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பான்.

2011 பிப்ரவரி 22

2008ல் ஆலிவர் எஸ்லிங்கர் பயிற்சியாளராக வந்தார். எம்.ஐ.டி. அணியில் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர், விளையாட்டு மனோதத்துவம் படித்தவர். கல்லூரியின் அட்மிஷன் விதியை அவர் மாற்றவில்லை, மாற்றவும் முடியாது. படிப்பிலும் தேறி, பள்ளி அணியிலும் ஆடிய பையன்களை நாடு முழுக்கத் தேடி 'அப்ளிகேஷன் போடு தம்பி' என்று சொல்லும் வேலையைப் பொறுமையாகச் செய்தார்.

2011 பிப்ரவரி 22, சீசனின் கடைசி ஆட்டம், சொந்த மைதானம். எதிரே ஆக்ஸிடென்டல் கல்லூரி (ஒபாமா முதல் இரண்டு வருஷம் படித்த இடம்). ஆட்டம் கடைசி வரை இழுபறி. 45-45 என்று சமநிலையில் இருக்கும்போது இறுதி வருஷ மாணவன் ரயன் எல்ம்க்விஸ்டுக்கு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. கம்ப்யூட்டர் சயன்ஸ் மாணவன். கடிகாரத்தில் மிச்சம் 3.3 விநாடி. பந்து கூடைக்குள் விழுந்தது. 46-45.

ஒரே ஒரு புள்ளி. 26 வருஷம், 310 ஆட்டம், அத்தனைக்கும் சேர்த்து ஒரு புள்ளி. மாணவர்கள் மைதானத்துக்குள் ஓடிவந்தார்கள். அன்று ஆடியவர்களில் பெரும்பாலோர் அந்த வரிசை தொடங்கியபோது பிறந்திருக்கவே இல்லை.

ஸ்கோரைக் கவனித்தீர்களா? இரண்டு பக்கமும் ஐம்பதைத் தொடவில்லை. பலம் குறைந்த அணிக்கு ஆட்டம் மெதுவாகப் போவதுதான் லாபம். கேரம் சாம்பியனோடு ஒரே ஒரு போர்டு ஆடினால் நமக்கு அதிர்ஷ்டம் அடிக்கலாம். இருபது போர்டு ஆடினால் தப்ப முடியாது. அதே தத்துவம்.

பேஸ்பால் அணிக்கும் விடிவு வந்தது. பத்து வருஷத்தில் 228 ஆட்டம் தொடர்ந்து தோற்றவர்கள் 2013 பிப்ரவரியில் ஒரு ஆட்டத்தை ஜெயித்தார்கள்.

தானே போய்ச் சொன்ன தப்பு

இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே இனிமேல் சொல்லப்போகும் விஷயத்துக்காகத்தான்.

கால்டெக்கில் ஒரு கௌரவ விதி உண்டு. கல்லூரியைச் சேர்ந்த யாரும் இன்னொருவரைவிட நியாயமற்ற சாதகம் எதையும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அதன் சாரம். இதை நம்பித்தான் அங்கே பரீட்சைத் தாளையே ரூமுக்குக் கொடுத்தனுப்புகிறார்கள். கண்காணிப்பாளர் கிடையாது, பறக்கும் படை கிடையாது. மூன்று மணி நேரம் என்று போட்டிருந்தால் மாணவன் தானே கடிகாரத்தைப் பார்த்துப் பேனாவை மூடிவிட வேண்டும்.

2011ல் விளையாட்டுத் துறைக்குப் புது இயக்குநர் வந்தார். பெட்ஸி மிட்செல், 1984 ஒலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வாங்கியவர். வந்தவர் பதிவேடுகளைப் பார்த்தபோது ஒரு சிக்கல் தெரிந்தது. கால்டெக்கில் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் மூன்று வாரம் மாணவர்கள் வகுப்புகளில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு பாடங்களைப் பதிவு செய்யலாம். கடை ஏறி இறங்கித் துணி எடுக்கிற மாதிரி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் முழுநேர மாணவனாகப் பதிவாகியிருந்தால்தான் போட்டியில் ஆடலாம் என்பது என்.சி.ஏ.ஏ. விதி. அந்த மூன்று வாரத்துக்குள் ஆடியவர்கள் விதிப்படி தகுதியில்லாதவர்கள்! படிப்பில் தேவையான நிலை இல்லாமல் ஆடிய சிலரும் இருந்தார்கள். நான்கு கல்வியாண்டுகளில், 12 விளையாட்டுகளில், 30 பேர்.

வெளியே யாருக்கும் தெரியாது. யாரும் புகார் கொடுக்கவில்லை. வருஷக்கணக்காகத் தோற்கும் அணிமேல் யார் புகார் கொடுப்பார்கள்? கல்லூரியே என்.சி.ஏ.ஏ.விடம் போய்ச் சொன்னது. சொன்னதோடு நிற்காமல் தனக்குத் தானே தண்டனையும் விதித்துக்கொண்டது. தகுதியில்லாதவர்கள் ஆடிய ஆட்டங்களின் வெற்றிகளைக் கணக்கிலிருந்து அழிப்பது, ஒரு வருஷம் இறுதிச் சுற்றுப் போட்டிகளுக்குப் போகாமலிருப்பது, ஒரு வருஷம் வெளியூர் சென்று ஆள் தேடாமலிருப்பது. 2012 ஜூலையில் என்.சி.ஏ.ஏ. பகிரங்கக் கண்டனமும் மூன்று வருஷக் கண்காணிப்பும் சேர்த்தது.

பத்திரிகைகளில் இதைக் கிண்டல் செய்து எழுதினார்கள். கோடிக்கணக்கில் பணம் புரளும் பெரிய கல்லூரிகளை விட்டுவிட்டு, ஜெயிக்கவே தெரியாத அணியிடம் வெற்றிகளைப் பிடுங்குகிறார்களே என்று. எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. யோசித்தால் வேறு மாதிரி படுகிறது. அவர்களிடம் இருந்ததே விரல் விட்டு எண்ணக்கூடிய வெற்றிகள். வருஷக்கணக்கில் வியர்வை சிந்திக் கிடைத்தவை. நிறைய வைத்திருப்பவன் கொஞ்சம் திருப்பிக் கொடுப்பது பெரிய காரியமில்லை. கையில் இருப்பதே நாலணா என்னும்போது, அதில் இரண்டணா தப்பாக வந்தது என்று தானே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்பவன்தான் பெரிய மனுஷன்.

ரூமில் தனியாக உட்கார்ந்து பரீட்சை எழுதும்போது கடைப்பிடித்த விதியை மைதானத்திலும் கடைப்பிடித்தார்கள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் மைதானம் இல்லாவிட்டால் இந்தச் சோதனையே நடந்திருக்காது.

நமக்கு என்ன?

ஆரம்பத்தில் சொன்ன இரண்டு கட்சிக்கும் திரும்ப வருகிறேன். 'ஜெயிப்பதற்கு ஆளைக் கொண்டுவா' என்று சொல்பவர்கள் கல்லூரி அணியை வாடகைக்கு எடுத்த அணியாக ஆக்குகிறார்கள். 'டீமே வேண்டாம்' என்பவர்கள் அந்த வயசில் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றைச் சிலபஸிலிருந்தே தூக்கிவிடுகிறார்கள். கால்டெக் இரண்டையும் செய்யவில்லை. அட்மிஷனில் கை வைக்கவில்லை, அணியையும் கலைக்கவில்லை. வந்து சேர்ந்த பையனும் பெண்ணும் ஆடட்டும் என்று மைதானத்தையும் பயிற்சியாளரையும் கொடுத்தது. பட்டம் வாங்க உடற்கல்வி வகுப்பும் கட்டாயம். இளநிலை மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் கல்லூரி அணி ஏதாவது ஒன்றில் ஆடுகிறார்கள். மாணவர்களில் இந்த அளவு பங்கு பெரிய கோப்பைகள் தூக்கும் ராட்சதப் பல்கலைக்கழகங்களில் கிடையாது. அங்கே நூறில் தொண்ணூற்றைந்து பேர் காலரியில் உட்கார்ந்து கை தட்டத்தான் லாயக்கு.

நம்மில் எத்தனை பேர் பிளஸ் டூ வரை வரிசையாக முதல் ராங்க் வாங்கிவிட்டு, வேலைக்குப் போன இடத்தில் முதல் டிசைன் ரிஜெக்ட் ஆனபோது இடிந்து உட்கார்ந்தோம்? தோற்பது எப்படி என்று நமக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முதல் மாணவர்களை மட்டுமே சேர்க்கும் கால்டெக்குக்கு அந்தப் பாடம் மற்றவர்களைவிட அதிகம் தேவை. அதை வகுப்பறையில் நடத்த முடியாது. வாரத்துக்கு இரண்டு சாயங்காலம் 30 பாயிண்ட் வித்தியாசத்தில் தோற்று, எதிரணிக்குக் கை கொடுத்து, மறுநாள் பயிற்சிக்கு மறுபடியும் வருவதில்தான் அது இருக்கிறது.

நம் சங்கத்தில் மைதானத்துக்கும் அணிகளுக்கும் பணம் கொடுப்பது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் 'இந்த வருஷம் எத்தனை கப்?' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுப் பார்ப்போம் நண்பர்களே: இந்த வருஷம் எத்தனை பேர் ஆடினார்கள்? ஐந்நூறு பேர் படிக்கும் இடத்தில் பதினைந்து பேர் மட்டும் ஆடிக் கோப்பை வந்தால் சந்தோஷம்தான். நூற்றைம்பது பேர் ஆடிக் கோப்பை வராமல் போனால் அதுவும் நல்ல வருஷமே என்று நம் கணக்குப் புத்தகம் ஒத்துக்கொள்ள வேண்டும். சீனியர்கள் யோசித்துச் சொல்லுங்கள்.

கூடுதல் செய்தி ஒன்று: கூடைப்பந்து ஆட, கூடை பத்தடி உயரத்தில் இருந்தால் போதும். தொப்பை பற்றி விதியில் ஒன்றும் சொல்லவில்லை. மறுசந்திப்பு அன்று சாயங்காலம் கோர்ட் பக்கம் வாருங்கள், ஒரு கை பார்ப்போம்.